நாலு குடிகளுக்குத்தான் இடம்

"ஒன்பதுல நாலு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள லிஸ்ட் வந்துடணும் ஷோபனா" என்று சென்னையிலிருந்து அகிலா சொல்லிவிட்டு போனை வைத்தாள். ஷோபனா கையில் போனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் அந்த இடத்தில்தான் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், அதற்குப் பிறகு அவள் ஒன்றையும் தீர்மானிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது அந்தமானில், போர்ட் பிளேர் ஷாதிபூரில் பன்னீர்செல்வத்தின் வீடு. கப்பல் டிக்கெட் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து, போன செப்டம்பரில் ரிட்டையர் ஆன மனிதர். மனைவி செல்லம். மகள் ஷோபனா கம்ப்யூட்டர் படித்தவள். மகன் சுதாகர், கதை எழுதுகிறேன், கேம் செய்கிறேன் என்று திரிந்தவன், போன பிப்ரவரியில் வண்டூர்க் கடலில் டிங்கிப் படகு கவிழ்ந்து போய்விட்டான். அவன் மனைவி சங்கவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. ஆனால் சொல்லாமல் எப்படி?

அவன் விட்டுப்போன கேமின் பெயர் 'அலைமுடி'. நாலு பெரிய ராஜ்யங்கள் ஒரே கடலுக்காக அடித்துக்கொள்கின்றன. திமிங்கில ராஜா, எரிமலை ராணி என்று பெரிய பெரிய ஆட்கள். அவர்களுக்கு நடுவே சின்னச் சின்னத் தீவுகளில் ஒன்பது சின்னக் கூட்டங்கள். அவர்களோடு நட்பு பிடிக்கலாம், மிதித்துக்கொண்டும் போகலாம். கேமை வெளியிடப்போகும் அகிலாவின் கம்பெனியில் மைனர் ஃபேக்ஷன் என்பார்கள். சுதாகர் தன் நோட்டில் சிறுகுடிகள் என்று எழுதி வைத்திருந்தான். படம் போட, குரல் கொடுக்க, ஆடிச் சோதிக்க ஆள் போதாது, அதனால் சிறுகுடிகளில் நாலுக்குத்தான் இடம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"பெரியவங்க மேல கை வைக்க எவனுக்கும் மனசு வராது. சின்னவங்கதான் அகப்படுவாங்க" என்றாள் சங்கவி.

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு சிறுகுடியையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் சுதாகர் வீட்டு மனிதர்கள் மேல்தான் ஏற்றிப் பார்ப்பான். பழைய காலண்டர் தாள்களை ஒட்டி, பின்பக்கம் கடல் வரைந்து, ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் விரிப்பான். ஆளுக்கு ஒரு கூட்டம். பாட்டில் மூடிதான் கப்பல், புளியங்கொட்டைதான் படை.

செல்லத்துக்கு உப்பு வைத்தியர்கள். அவர்கள் சண்டையே போடமாட்டார்கள். யார் அடிபட்டு வந்தாலும், எதிரியே வந்தாலும், குணப்படுத்தித்தான் அனுப்ப வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. சங்கவிக்குச் சதுப்புச் சூனியக்காரிகள், கடல் ஏறினால் அவர்கள் பலமும் ஏறும். ஷோபனாவுக்கு நண்டுக் குதிரைப்படை. அப்பாவுக்குத் துறைக்காரர்கள்.

துறைக்காரர்கள் யாரென்றால், கடலின் நட்டநடுவில் ஒரு குறுகலான துறையை வைத்திருப்பவர்கள். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கப்பல்தான் அதைக் கடக்கலாம். இரண்டு பேர் வந்து நின்றால் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று அவர்கள் சொல்ல வேண்டும். அச்சு அசல் பன்னீர்செல்வத்தின் கவுண்டரேதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெங்காலி நின்றாலும் தெலுங்கர் நின்றாலும், இடம் இல்லையென்றால் அவர் வாயில் வருவது இரண்டே வார்த்தை. "அக்லா ஜஹாஜ்." அடுத்த கப்பல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவர் யாரையாவது நிறுத்தினால் மொத்த வீடும் சேர்ந்து "அக்லா ஜஹாஜ்!" என்று கத்தும். சுதாகர் போனதற்கப்புறம் அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பாதியில் நின்ற ஆட்டம் ஹால் மூலையில் இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்து ஆட வேண்டியது சுதாகர். மேலே ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தியிருக்கிறது. செல்லம் அதைச் சுற்றித் துடைப்பாள், தொடமாட்டாள்.

காலை ஒன்பது மணிக்கு நாத்தனாரும் அண்ணியும் சாப்பாட்டு மேஜையில் ஒன்பது அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சங்கவி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள்.

"கிளிஞ்சல் வியாபாரிங்க?" என்றாள் சங்கவி.

"எல்லா கேம்லயும் வியாபாரி இருக்கான் அண்ணி. எடுத்துடலாம்."

அட்டை கவிழ்ந்தது.

"தோணிக் கொள்ளைக்காரங்க?"

"அவங்களும்தான். எல்லாக் கடல்லயும் உண்டு."

அதுவும் கவிழ்ந்தது. மூங்கில் பூதங்கள் கவிழ்ந்தன. வவ்வால் ஒற்றர்கள் அட்டையை எடுத்த சங்கவி அதைக் கீழே வைக்கவில்லை.

"இதை எழுதின அன்னிக்கு கரண்ட் இல்ல. நான்தான் டார்ச் பிடிச்சேன். கை வலிக்குதுன்னு சொன்னா, 'இன்னும் ஒரே ஒரு வவ்வால், இன்னும் ஒரே ஒரு வவ்வால்'னு..." அவள் அட்டையின் ஓரத்தைத் தடவினாள். "முடியல ஷோபி. ஒவ்வொரு அட்டையைக் கவுக்கும்போதும் அவரை இன்னொரு தடவை வீட்டை விட்டுத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

ஷோபனா எழுந்து வந்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது, எப்போதுமே வராது. "வவ்வாலை நான் கவுக்கறேன். நீங்க அந்தப் பக்கம் பாருங்க" என்றாள். அப்படியே செய்தாள்.

பத்து மணிக்கு அகிலா கூப்பிட்டாள். "எந்த நாலுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு மட்டும் என் பிடிவாதம். துறைக்காரங்க கண்டிப்பா வேணும். இங்க ஆடிப் பார்த்தவங்க எல்லாருக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. அதுல ஒரு ரூல் இருக்கே, துறையில நின்னவன் அடுத்த சுற்றுல ரெண்டு அடி கூடுதலா வைக்கலாம்னு. அந்த ஒரு ரூல் போதும். நிறுத்தினா யாருக்கும் கோபமே வரல."

"அண்ணன் எழுதினது. நான் அப்படியே ஏத்தினேன், அவ்வளவுதான்."

"தெரியும்ப்பா. அவர் ஒருதடவை சென்னைக்கு வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

ஷோபனா போனை வைத்தாள். கேமை நேரில் காட்டுவதற்காகத்தான் சுதாகர் போன பிப்ரவரியில் கிளம்பினான். விமானத்தில் போடா என்றால் கேட்கவில்லை, மூன்று நாள் கடலில் உட்கார்ந்து எழுதலாமாம். கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. சும்மா இருப்பானேன், பவழத்தைப் பார்த்து நாலு படம் வரைந்துகொண்டு வருகிறேன் என்று சிநேகிதர்களோடு வண்டூர் போனான். திடீரென்று காற்று மாறியது. மற்ற இருவரும் நீந்திக் கரையேறினார்கள். வீட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பதினோரு மணிக்குள் லிஸ்ட் ஒருவழியாகத் தேறியது. நண்டுக் குதிரைப்படை, சதுப்புச் சூனியக்காரிகள், உப்பு வைத்தியர்கள், துறைக்காரர்கள். பவழக் கொல்லர்களுக்கு மட்டும் மனசில்லாமல் விடை கொடுத்தார்கள். ஷோபனா நாலு பெயரையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது பன்னீர்செல்வம் மீன் பையோடு உள்ளே வந்தார்.

"கடைசியா என்ன படிச்சே?"

"துறைக்காரங்கப்பா. உங்க கூட்டம். அகிலாவே கேட்டு வாங்கிட்டாங்க."

"அதை எடுத்துடு."

ஷோபனா சிரித்தாள். "அரே, அப்பா! உங்களுக்கு வெட்கமா? உலகம் பூரா ஆடப்போறாங்க."

"எடுத்துடுன்னு சொன்னேன்ல. பவழக் கொல்லனைப் போடு. அவன் நல்லா இருக்கான்."

"மாமா, அவர் எழுதினதுலயே இதுதான் உசத்தி" என்றாள் சங்கவி. "உங்களுக்குன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சார்."

"எனக்குன்னு செஞ்சதுதானே? நான்தானே வேண்டாங்கறேன்? அப்புறம் என்ன பஞ்சாயத்து?"

"காரணம் சொல்லுங்க. சும்மா எடு எடுன்னா எப்படி?" ஷோபனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு பேருக்குத்தான் இடம். அதுல அண்ணனோட நல்ல எழுத்தைத் தூக்கி வெளிய போடச் சொல்றீங்க. அண்ணன் மேல உங்களுக்கு என்னப்பா அவ்வளவு வெறுப்பு?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பன்னீர்செல்வம் மீன் பையை மேஜை மேலேயே வைத்தார், அட்டைகளுக்குப் பக்கத்தில்.  பை ஈரம் வவ்வால் அட்டை வரைக்கும் ஓடியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல். "செல்லம் அக்கா!"

பெரார்கஞ்சிலிருந்து சொர்ணம்மா. கையில் ஒரு பெரிய பை. பையில் வாழைப்பழம். மாசம் தவறாமல் பஸ் கண்டக்டர் கையில் ஒரு சீப்பு கொடுத்தனுப்புகிறவள், இன்று தானே வந்திருந்தாள். இவர் ஏதோ டிக்கெட் உதவி செய்திருப்பார், நன்றி மறக்காத மனுஷி என்று செல்லம் வாங்கி வைத்துக்கொள்வாள். பன்னீர்செல்வம் அந்தப் பழத்தில் ஒன்றைக்கூட உரித்ததில்லை. சர்க்கரைக்குப் பயப்படுகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவருக்குச் சர்க்கரையே கிடையாது!

வாசல் குரல் கேட்டதுதான் தாமதம், மனிதர் பின்வாசல் வழியாகச் செருப்புகூடப் போடாமல் போய்விட்டார்.

செல்லம் அடுக்களையில் சொர்ணம்மாவுக்கு டீ போடப் போனாள். சொர்ணம்மா ஹாலில் சங்கவிக்கு எதிரே உட்கார்ந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"எங்க அப்பா காத்தமுத்துவுக்கு ஒரு வருஷ செக்கப் முடிஞ்சது பாப்பா. டாக்டர் 'ஏக்தம் தீக்', எல்லாம் சரியா இருக்குன்னுட்டார். நேத்து பெரிய ஆளு மாதிரி வயலுக்கே இறங்கிட்டாரு. நெஞ்சைப் பொளந்து தைச்ச உடம்பு! அதான் பன்னீரு அண்ணனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"மாமா என்ன செஞ்சாங்க?" என்றாள் சங்கவி, மரியாதைக்காக.

"என்ன செஞ்சாங்களா? நல்லாக் கேட்ட போ. சென்னைக் கப்பல்ல அப்பாவுக்கு சீட் இருந்துச்சு, கூடப் போக எனக்கு இல்ல. ஆபரேஷன் ஆளைத் தனியா எப்படி அனுப்புறது? கவுண்டர் முன்னாடி உக்காந்து அழுதுட்டேன். யாரோ ஒருத்தங்க கேன்சல் பண்ணின பங்க், படுக்கை இடம், ஒண்ணே ஒண்ணு கடைசியில வந்துச்சு. அதுக்கும் லிஸ்ட்ல வேற ஆளு முதல்ல இருந்தாங்களாம். அண்ணன் அவங்களை நிறுத்திட்டு எனக்கு எழுதிக் கொடுத்தாரு. அந்த மவராசன் யாரோ, அவங்களும் நல்லா இருக்கணும்."

"எந்தக் கப்பல்?"

"போன பிப்ரவரி இருபத்தொண்ணு."

சங்கவி அந்தத் தேதியை எப்படி மறப்பாள்? அந்தக் கப்பலுக்குத்தான் அவள் புருஷனுக்குப் பெட்டி அடுக்கினாள். வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள், நிச்சயம் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டு போனவன், கப்பல் ஃபுல் என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான்.

ஷோபனாவும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லம் டீயோடு வந்தாள். சொர்ணம்மா டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

மத்தியானம் பன்னீர்செல்வம் சாப்பிட வரவில்லை. செல்லம் இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள். "கப்பல் ஜெட்டிப் பக்கம் போயிருப்பாரு. அங்க போய் நிக்காட்டி இவருக்குத் தூக்கம் வராது" என்று முணுமுணுத்துவிட்டு அடைக்கு ஊறப்போட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது மணி இரண்டரை. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மருமகள் எழுந்து நின்றாள்.

"மாமா, சொர்ணம்மாவுக்குக் கொடுத்தது அவரோட பெர்த்தா?"

பன்னீர்செல்வம் மூடிய ஆட்டத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அடுக்களையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா."

ஷோபனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு வருஷமா எனக்கு ஒரே வரிசைதான். முதல்ல நோயாளி, அப்புறம் நோயாளியோட ஆளு, அப்புறம் சாவு வீட்டுக்குப் போறவன், அப்புறம் பரிட்சைக்குப் போற புள்ளைங்க. மத்தவன் எல்லாம் அதுக்கு அப்புறம். மந்திரி சொன்னாலும் மாத்தினதில்ல. அன்னிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பக்கம் அந்தப் பொம்பளை, ஒரு பக்கம் என் புள்ள. கையில ஒரே பங்க்." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அவன்கிட்ட அக்லா ஜஹாஜ்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரியே சொன்னேன். அவன் ஒரு சல்யூட் வச்சுட்டுப் போனான். வீட்ல கப்பல் ஃபுல்லுன்னு அவனே சொல்லிட்டான், என்னைக் காட்டிக் கொடுக்கல."

"எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லல?" ஷோபனா அழுதாள்.

"என்னன்னு சொல்லுவேன்? தப்புப் பண்ணியிருந்தா கால்ல விழுந்து அழுதுடலாம். நான் சரியாத்தானேம்மா செஞ்சேன்? இன்னிக்கு அதே ரெண்டு பேரும் வந்து நின்னாலும் அந்தப் பொம்பளைக்குத்தான் எழுதுவேன். அதான் என்னால தாங்க முடியல." முகத்தை மூடிக்கொண்டார். "அந்தக் கூட்டம் வேண்டாம். உலகம் பூரா உக்காந்து யாரையாவது நிறுத்தி விளையாடணுமா? வேண்டாம்."

 சங்கவியின் முகத்தைப் பார்க்க ஷோபனாவுக்குப் பயமாக இருந்தது. பிறகு சங்கவி தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொள்வாள் என்று நினைத்தால், நீல அட்டை போட்ட நோட்டோடு திரும்பி வந்தாள். சுதாகரின் விதிகள் எழுதிய நோட்டு.

"இந்தப் பக்கத்தைப் பாருங்க மாமா. மேல தேதி போட்டிருக்கார். பிப்ரவரி பதினெட்டு. அன்னிக்குத்தானே டிக்கெட் லிஸ்ட் போட்டீங்க?"

அவர் தலையசைத்தார்.

"டிக்கெட் கிடைக்கலன்னு வந்த உடனே உக்காந்து இதை எழுதினார். கப்பல் போச்சேன்னு கவலைப்படாம இந்த மனுஷன் என்னத்தை எழுதறாருன்னு நான் திட்டினேன். இத்தனை நாள் எனக்கு விளங்கல."

பன்னீர்செல்வம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். துறைக்காரர்கள், விதி ஏழு. 'துறையில் நிறுத்தப்பட்டவன் துறைக்காரனைக் கோபிக்கமாட்டான். அவனுக்குக் காரணம் தெரியும். அடுத்த சுற்றில் இரண்டு அடி கூடுதலாக வைத்துக்கொள்வான்.'

"அகிலா சொன்னாங்களே, அந்த ரூல்" என்றாள் ஷோபனா. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பாள்! அண்ணன் அப்பாவுக்கு எழுதிய பதில் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்குக் கோபம் இருக்கு மாமா. இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள் சங்கவி. கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "அந்தக் கப்பல்ல ஏறியிருந்தா இன்னிக்கு இந்த அட்டையை எல்லாம் அவரே கவுத்திருப்பார். எனக்கு ஆயுசுக்கும் அந்தக் கோபம் போகுமான்னு தெரியல. ஆனா அவருக்கு இல்லையே? அவர் எழுதினதை எடுக்க எனக்கு என்ன உரிமை, உங்களுக்கு என்ன உரிமை?"

அந்த மனிதர் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். மகன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. காரியம் எல்லாம் முறையாக நடக்கிறதா என்று வரிசை பார்த்துக்கொண்டிருந்தார் அன்றைக்கு.

அழுது முடித்துச் சொன்னார். "வச்சுக்கம்மா. துறைக்காரன் இருக்கட்டும்."

லிஸ்ட் பழையபடியே ஆயிற்று. நண்டு, சதுப்பு, உப்பு, துறை. ஷோபனா அதை மெயிலில் அடித்தாள். மணி மூன்றே கால்.

"அனுப்பிடாதே, ஒரு நிமிஷம்" என்று பன்னீர்செல்வம் எழுந்தார். "இன்னும் ஒருத்திகிட்ட சொல்லணும். நானே சொல்றேன்."

அடுக்களைக்குப் போனார். ஹாலில் நடந்தது எதுவும் காதில் விழாதபடி அங்கே இன்னும் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அதற்கப்புறம் அவர் குரல் மட்டும் தணிவாக, விட்டு விட்டுக் கேட்டது. செல்லத்தின் குரல் கேட்கவே இல்லை. ஒரு பாத்திரம்கூட நகரவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். ஹாலில் இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

செல்லம் வெளியே வந்தாள். விரலில் அடை மாவு அப்படியே இருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. மூலைக்குப் போய், பதினோரு மாதத்தில் முதல்முறையாக அந்த வெள்ளைத் துண்டை எடுத்தாள். மடித்து நாற்காலியில் வைத்தாள். குனிந்து, தன் உப்பு வைத்தியர்களின் ஐந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள்.

"ஷோபி, அந்த லிஸ்ட்ல என் வைத்தியக்காரங்க இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. மூணாவது."

"எடுத்துடு."

"அம்மா..."

"யார் வந்தாலும் அவங்க குணப்படுத்தித்தான் அனுப்பணும் இல்ல? மாட்டேன்னு சொல்லக் கூடாது. அதானே உங்க அண்ணன் எழுதின சட்டம்?"

"ஆமாம்மா."

"என்னால இன்னிக்கு முடியலடி. எடுத்துடு."

ஷோபனா அண்ணியைப் பார்த்தாள். சங்கவி மெதுவாகத் தலையசைத்தாள். உப்பு வைத்தியர்கள் திரையிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்து போனார்கள். பவழக் கொல்லர்களை அந்த இடத்தில் போட ஷோபனாவுக்குக் கை வரவில்லை. மூன்று பெயரோடு அனுப்பினாள். அகிலாவிடமிருந்து உடனே பதில். 'நாலாவது யாரு?' ஷோபனா 'வீட்ல இன்னும் பேசி முடியல' என்று அடித்தாள். 'சரி, திங்கட்கிழமை காலை வரைக்கும்தான்' என்று வந்தது.

செல்லம் அதற்குள் கை கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, சொர்ணம்மா வைத்துவிட்டுப் போன வாழைப்பழப் பையைக் கையில் எடுத்திருந்தாள். கொண்டுவந்தது கொண்டுவந்தபடி இருந்தது. செருப்பை மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க அத்தை?" சங்கவி ஓடி வந்தாள்.

"பெரார்கஞ்ச். அந்தக் காத்தமுத்துவை நான் ஒருதடவை பாக்கணும். எப்படி இருக்காருன்னு பாக்கணும்."

"இப்பவா? அஞ்சரைக்கு இருட்டிடும் அத்தை. என்ன சொல்லப் போறீங்க அவங்ககிட்ட?"

"தெரியல."

பன்னீர்செல்வம் அடுக்களை வாசலில் நின்றிருந்தார். நான் வருகிறேன் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. "நாலே காலுக்கு ஒரு பஸ் இருக்கு."

செல்லம் கேட்டைத் திறந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அதுக்கு அடுத்தது?"

"அஞ்சே முக்கால்."

"அப்ப நீங்க அதுல வாங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.